கை கெஞ்சினால் காலும் கெஞ்சும்! கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சித்த மருத்துவரின் யோசனைகள்

'சித்த வைத்தியருக்கும் சைக்கிள் கியருக்கும் என்னய்யா சம்பந்தம்? சூரணம், லேகியம் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு மெக்கானிக் வேலைக்கு வந்துவிட்டாரா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. சொல்லப்போனால், அந்தச் சம்பந்தம் புரியாமல் நானே ஒரு தடவை அசடு வழிந்திருக்கிறேன். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஓர் ஆசிரியை. வயது நாற்பத்தேழு. சர்க்கரை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. குதிகால் வலியால் நடைப்பயிற்சியும் சரிப்படவில்லை. "வீட்டில் சைக்கிள் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். "பையன் ஓட்டிக்கிட்டிருந்த கியர் சைக்கிள் ஒண்ணு சும்மாதான் கிடக்கு டாக்டர். அவன் காலேஜுக்குப் போயிட்டான்" என்றார். "அப்புறம் என்ன? நாளைக்கே எடுங்க" என்றேன்.

எடுத்தார். மூன்றே வாரத்தில் முகம் தெளிந்து, சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் வலது கைப் பெருவிரலின் அடிமூட்டைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை, தோசை திருப்ப முடியவில்லை. நான் உளுந்துத் தைலம் கொடுத்தேன். நொச்சி இலை ஒற்றடம் சொன்னேன். ஒரு வாரம் ஓய்வெடுத்ததும் வலி குறைந்தது. திரும்ப சைக்கிளை எடுத்தார்... திரும்பவும் வலி! இப்படி இரண்டு தடவை. மூன்றாவது தடவை வந்தபோது, "டாக்டர், இனிமே சைக்கிள் வேண்டாம்னு நினைக்கிறேன். முழங்காலும் லேசா பிடிக்குது" என்றார்.

அன்றைக்கு அவர் சைக்கிளிலேயே வந்திருந்தார். வாசலுக்குப் போய் அந்த வலது பக்க கியர் லீவரை நானே அழுத்திப் பார்த்தேன். அம்மாடி! என் பெருவிரலே நொந்துவிட்டது. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் வந்து பார்த்தார். "டாக்டர் சார், உள்ளே ஒயர் பூரா துரு. போதாக்குறைக்கு யாரோ பிரேக் அவுட்டரை வெட்டி கியருக்குப் போட்டிருக்காங்க. இதுல விரல் வலிக்காம என்ன செய்யும்?" என்றார். புது ஒயரும் உறையும் மாட்டினார். அரைமணி நேர வேலைதான். அதோடு கைவலி போனது. முழங்கால் பிடிப்பும் கொஞ்ச நாளில் போனது.

நோய் தெரிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருக்காதே, அது புறப்பட்ட இடத்தைப் பார் என்று கல்லூரியில் எங்கள் ஆசிரியர்கள் படித்துப் படித்துச் சொல்வார்கள். நான் விரலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயோ ஒயரில் இருந்தது! இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அந்த அம்மா சைக்கிளை நிரந்தரமாக மூலையில் சாத்தியிருப்பார். அவருக்குக் கிடைத்திருந்த நல்ல மருந்து ஒன்று கைவிட்டுப் போயிருக்கும்.

இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் 'மவுண்டன் பைக்' என்ற தடித்த டயர் கியர் சைக்கிள் தூசி படிந்து நிற்கிறது. காரணம் பெரும்பாலும் சோம்பேறித்தனம் இல்லை. கியர் மாற்றத் தெரியாதது, அல்லது மாற்ற முடியாமல் இறுகிக் கிடப்பது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கைக்கும் முழங்காலுக்கும் என்ன உறவு?

21 கியர் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. மூவேழு இருபத்தொன்று. இடது கை லீவர் முன்சக்கரங்களுக்கு, வலது கை லீவர் பின்சக்கரங்களுக்கு.

முன்னால் 24 பல், பின்னால் 28 பல் சக்கரத்தில் செயின் ஓடுகிறது என்று வையுங்கள். 26 அங்குல வீல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்ற சைக்கிள் சுமார் ஒன்றே முக்கால் மீட்டர் நகரும். முன்னால் 42, பின்னால் 14 என்று மாற்றினால், அதே ஒரு சுற்றுக்கு ஆறு மீட்டருக்கு மேல் போகும். நம் அப்பா காலத்துச் சாதா சைக்கிளில், முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குச் சுமார் ஐந்தரை மீட்டர். ஏற்றம் வந்தாலும் அதே ஐந்தரை மீட்டர்தான். முழங்கால் என்ன கத்தினாலும் வேறு வழி இல்லை. இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

கியர் சைக்கிளில் வழி இருக்கிறது. ஏற்றத்தில் சின்ன கியருக்கு வந்துவிட்டால், மிதி லேசாகும். மெதுவாகப் போவோம், ஆனால் முழங்காலுக்கு நோவு இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் நிமிஷத்துக்கு 60 முதல் 80 சுற்று மிதிக்கிற மாதிரி கியரை வைத்துக்கொண்டால் மூட்டுக்குச் சுகம். அதைவிட்டு, 'உம்... உம்...' என்று முக்கி, பெரிய கியரிலேயே மெதுவாக மிதித்தால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. மாடிப்படி இறங்கும்போது வலிக்கிறது என்று என்னிடம் வருகிறார்கள்.

இங்கேதான் சூட்சுமம். பின்பக்கம் சின்ன சக்கரத்திலிருந்து பெரிய சக்கரத்துக்கு, அதாவது லேசான மிதிக்கு, செயினை ஏற்றுவது ஒயரின் இழுப்பு. அந்த இழுப்பைக் கொடுப்பது உங்கள் வலது பெருவிரல். திரும்ப இறக்குவது ஸ்பிரிங்கின் வேலை. அதற்கு விரலுக்குக் கஷ்டம் இல்லை. ஆக, லீவர் இறுகிப்போனால் என்ன ஆகும்? கடினமான கியருக்கு சுலபமாகப் போய்விடலாம், லேசான கியருக்குத் திரும்ப விரல் வராது. 'சரி, இதிலேயே மிதிப்போம்' என்று விட்டுவிடுவோம். கைவலிக்குப் பயந்து முழங்காலைப் பலி கொடுக்கிறோம். அந்த ஆசிரியைக்கு நடந்தது இதுதான். எங்கள் ஊர் ஈரடுக்கு மேம்பாலத்தை அவர் தினமும் ஏழாவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்தாராம்!

லீவர் வந்த கதை

1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மாரின் கவுன்டி என்ற மலைப்பகுதியில் சில இளைஞர்கள் பழைய தடிச் சைக்கிள்களை மலையிலிருந்து உருட்டிக்கொண்டு இறங்கி விளையாடினார்கள். 1976-ல் அங்கே பந்தயமே நடந்தது. 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிதாக சைக்கிள் செய்தார். இப்படிப் பிறந்ததுதான் மவுண்டன் பைக். ஹேண்டில்பாரைவிட்டு கை எடுத்தால் ஆள் பள்ளத்தில்தான் என்பதால், கியர் லீவர் பெருவிரல் எட்டுகிற இடத்துக்கு வந்தது.

அந்தக் காலத்து லீவரை எவ்வளவு தள்ள வேண்டும் என்பது ஓட்டுகிறவரின் கைப்பழக்கம். 1984-ல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 'டக்... டக்...' என்று ஒவ்வொரு கியராக விழுகிற முறையை முதலில் பந்தய சைக்கிளில் கொண்டுவந்தது. பிறகு அது மலை சைக்கிளுக்கும் வந்தது. 1987-ல் சிகாகோவில் தொடங்கிய ஸ்ராம் நிறுவனம், ஹேண்டில் பிடியையே முறுக்கி கியர் மாற்றுகிற முறையைப் பிரபலமாக்கியது. 1990-ஐ ஒட்டி கைப்பிடிக்குக் கீழே அழுத்துகிற இரட்டை லீவர்கள் வந்தன. இன்றைக்குக் கடையில் நீங்கள் பார்ப்பதெல்லாம் இவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான்.

எந்தக் கைக்கு எந்த லீவர்?

ஆளுக்கு ஆள் தேகம் மாறுகிற மாதிரி, கைக்குக் கை லீவரும் மாறும். மூன்று வகை இருக்கிறது.

முறுக்குப் பிடி: மோட்டார் சைக்கிள் ஆக்சிலேட்டர் மாதிரி முறுக்குவது. நம்பர் கண்ணெதிரே தெரியும், புரிந்துகொள்ளச் சுலபம். பெருவிரல் அடிமூட்டில் வலி உள்ளவர்களுக்கு இது நல்லது. விரலுக்குப் பதில் முழுக்கையும் வேலை செய்கிறது. ஆனால் மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு ஆகாது. கை வியர்த்தால் வழுக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது தானாகவே கியர் மாறிவிடுவதும் உண்டு. சின்னப் பிள்ளைகளின் சைக்கிளில் இதுதான் அதிகம் வருகிறது. வாங்கும் முன் பிள்ளையையே முறுக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் முறுக்கிப் பார்த்து 'லேசாத்தானே இருக்கு' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

மேல் லீவர்: ஹேண்டில்பாருக்கு மேலே ஒரே ஒரு நாக்கு மாதிரி நிற்கும். தள்ளினால் ஒருபக்கம், இழுத்தால் மறுபக்கம். பழைய பாணிதான். ஆனால் உள்ளே சாமான் குறைவு, கெடுவதும் குறைவு. பெருவிரலால் மட்டுமில்லாமல் உள்ளங்கையின் ஓரத்தாலும் தள்ளலாம். வயதானவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வகை இது. குறை என்னவென்றால், பிடியிலிருந்து கையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும்.

கீழ் லீவர்: இப்போது பரவலாக இருப்பது. கைப்பிடிக்குக் கீழே பெரிய லீவரைப் பெருவிரலால் அழுத்தினால் ஒயர் இழுபடும். இன்னொரு சின்ன பட்டனையோ லீவரையோ ஆள்காட்டி விரலால் தட்டினால் ஒயர் விடுபடும். கையை எடுக்க வேண்டியதே இல்லை. ரோடு மோசமான ஊர்களுக்கு இதுவே பத்திரம். ஆனால் பெருவிரலுக்கு வேலை அதிகம். ஏற்கெனவே செல்போனைத் தேய்த்துத் தேய்த்துப் பெருவிரல் நொந்தவர்கள் யோசித்து வாங்க வேண்டும்.

பணம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு மின்சார கியரும் இருக்கிறது. மலை சைக்கிளுக்கு ஷிமானோ 2014-லும், ஒயரே இல்லாத வகையை ஸ்ராம் 2019-லும் கொண்டுவந்தன. சும்மா ஒரு பொத்தான்தான். ஆனால் காலையில் காய்கறி வாங்கப் போகிற நமக்கு அது எதற்கு?

இன்னொரு யோசனை. இரண்டு லீவரில் பெரும்பாலும் அதிகம் இறுகுவது இடது கை லீவர். கை பலவீனமானவர்கள் முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள சைக்கிளாகப் பாருங்கள். ஏழோ எட்டோ கியர் போதும். இடது கை லீவரே இருக்காது, குழப்பமும் இருக்காது. '21 கியர்' என்ற நம்பரைப் பார்த்து மயங்காதீர்கள். முழுக்கச் சமதளமான ஊரில் இருப்பவர்களுக்குக் கியர் இல்லாத சைக்கிளே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில் ஐந்து சோதனை

1. சைக்கிளின் பின்பக்கத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் பெடலைச் சுற்ற, நீங்கள் லீவரை அழுத்துங்கள். ஒன்றிலிருந்து ஏழு, ஏழிலிருந்து ஒன்று என்று பத்துத் தடவை போய்வாருங்கள். பத்தாவது தடவையும் விரல் முகம் சுளிக்கக் கூடாது.

2. கைப்பிடியை முழுக்கப் பிடித்தபடியே பெருவிரல் லீவரை எட்டுகிறதா? எட்டாமல் கையை நகர்த்தினால் லீவரின் இடத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

3. ஒவ்வொரு 'டக்'குக்கும் செயின் உடனே ஒரு சக்கரம் மாறுகிறதா? இரண்டு தடவை அழுத்தி ஒரு தடவை மாறினால் புது சைக்கிளானாலும் சரி செய்யாமல் வாங்காதீர்கள்.

4. பிரேக் லீவரும் கியர் லீவரும் ஒரே துண்டா, தனித்தனியா என்று பாருங்கள். ஒரே துண்டாக இருந்தால் ஒன்று கெட்டால் பெரும்பாலும் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். தனித்தனி என்றால் வைத்தியச் செலவு குறைவு.

5. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஒயர் எங்கேயும் இழுத்துப் பிடிக்கவும் கூடாது, மடங்கவும் கூடாது.

பழைய சைக்கிளுக்கு லீவர் மட்டும் மாற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின்னால் ஏழு சக்கரம் என்றால் ஏழு கியர் லீவர்தான் பொருந்தும். எட்டு கியர் லீவரைப் போட்டால் 'கூடுதலாக ஒன்று' கிடைக்காது, தொல்லைதான் கிடைக்கும். அதேபோல ஒரு 'டக்'குக்கு எவ்வளவு ஒயர் இழுபட வேண்டும் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லீவர் ஒரு கம்பெனி, பின்னால் செயினைத் தள்ளுகிற கை வேறு கம்பெனி என்றால், பொருந்துமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும்...

முதலில் லீவரை உங்கள் கைக்குத் தக்கபடி திருப்புங்கள். சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டி, விரல்களை பிரேக் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்பக்கமாக மடங்கினால் பிரேக் லீவர் ரொம்ப மேலே இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான லீவர்களை 5 மி.மீ. ஆலன் சாவியால் லேசாகத் தளர்த்தித் திருப்பி, மறுபடி முடுக்கிவிடலாம். பிரேக் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன திருகாணி இருக்கும். அதை முடுக்கினால் லீவர் கைக்குக் கிட்டே வரும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைக் கட்டாயம் செய்து கொடுங்கள்.

சீட் உயரத்தையும் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் எந்தக் கியரும் முழங்காலைக் காப்பாற்றாது.

கியர் போடும் முறை

பலரும் குழம்புகிற இடம் இது. முன்னால் சின்ன சக்கரம் லேசு, பின்னால் பெரிய சக்கரம் லேசு. இதை நினைவில் வைக்க வேண்டாம். நம்பரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் 1 என்றால் லேசு, நம்பர் ஏற ஏறக் கடினம். சமதளத்தில் இடது கையை 2-ல் வைத்துவிட்டு, வலது கையால் மட்டும் 2 முதல் 6 வரை மாற்றிக்கொண்டு போனாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

பெடல் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கியர் மாற்ற வேண்டும். நிற்கிற சைக்கிளில் லீவரை அழுத்தினால் செயின் ஏறாது, ஒயர்தான் இழுபடும். மாற்றுகிற அந்த ஒரு நொடி மிதிக்கிற அழுத்தத்தைக் குறையுங்கள். முக்கி மிதித்துக்கொண்டே மாற்றினால் 'கடக்' என்று சத்தம் வரும். அது சக்கரத்தின் பல் அழுகிற சத்தம்.

ஏற்றம் கண்ணில் பட்டதுமே இறக்குங்கள். பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டும்போது அல்ல. சிக்னலில் நிற்கப்போகிறீர்களா? நிற்பதற்கு முன்பே 2, 3-க்கு வந்துவிடுங்கள். திரும்பக் கிளம்பும்போது முழங்கால் உங்களை வாழ்த்தும்.

இடது 1, வலது 7... இடது 3, வலது 1... இந்த இரண்டு ஜோடியும் வேண்டாம். செயின் குறுக்கே சாய்ந்து ஓடும், உரசும், தேயும்.

பராமரிப்பு: சைக்கிளுக்கும் பத்தியம் உண்டு!

வாரம் ஒருமுறை: பழைய துணியால் செயினையும், ஒயர் வெளியே தெரிகிற இடங்களையும் துடையுங்கள். லீவரில் படிந்த தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவும் இடத்தில் சைக்கிளைக் கொடுத்தால், லீவர் பக்கம் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை: சட்டத்தில் ஒயர் உறை வந்து உட்காரும் இடத்தில் நீளமாக வெட்டிவிட்ட பள்ளம் இருந்தால் இதைச் செய்யலாம். பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றி, வலது லீவரை 1-க்குக் கொண்டுவாருங்கள். சுற்றுவதை நிறுத்துங்கள். இப்போது சக்கரம் ஓடாமலே லீவரை 7-க்கு விடுங்கள். ஒயர் தொளதொளவென்று ஆகும். உறையின் நுனியைப் பள்ளத்திலிருந்து எடுத்து நகர்த்தி, உள்ளே மறைந்திருந்த ஒயரைத் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயைத் தொட்டுத் தடவி, திரும்ப உட்கார வையுங்கள். கருவி எதுவும் வேண்டாம். பத்து நிமிஷ வேலை.

வருஷம் ஒருமுறை: தினமும் ஓட்டுகிறவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் உள் ஒயரையும் உறையையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்றால் இன்னும் சீக்கிரம் தேவைப்படும்.

மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கியர் உறை பெரும்பாலும் 4 மி.மீ. கனம், அதற்குள் எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் ஒரு 'டக்'குக்கு ஒரு கியர் என்று கணக்காக விழுகிறது. பிரேக் உறை 5 மி.மீ., ஸ்பிரிங் மாதிரி சுற்றிய கம்பி. அதை கியருக்குப் போட்டால் சுருங்கிச் சுருங்கி, கியர் கணக்குத் தப்பும். மறுபடி மறுபடி அழுத்த வேண்டியிருக்கும். தலைகீழாக, கியர் உறையை பிரேக்குக்குப் போட்டாலோ அது ஆபத்து! அழுத்தத்தில் பிளந்து பிரேக்கே பிடிக்காமல் போகலாம். இதில் மட்டும் சமரசம் கூடாது.

எண்ணெய் விஷயம்: எண்ணெய் பற்றி நான் சொன்னால் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன். நல்லெண்ணெய் தலைக்கு, தேங்காய் எண்ணெய் முடிக்கு. கியர் லீவருக்கு இரண்டும் ஆகாது! நாளாக ஆகப் பிசுபிசுத்து, தூசியைச் சேர்த்துக் களிம்பாகிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் லீவர் கல்லாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும், அதுவும் ஓரிரு சொட்டு. பிளாஸ்டிக் லீவரை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாதீர்கள். உள்ளே இருக்கிற கிரீஸ் கரைந்து போய்விடும்.

குறி பார்த்து நோய் அறிய...

லீவர் இறுகுகிறது: முதலில் ஒயரும் உறையும்தான் சந்தேகம். துரு, மடிப்பு, அழுக்கு. லீவரை மாற்ற அவசரப்படாதீர்கள்.

அழுத்தினால் 'நறநற'வென்கிறது: லீவருக்குள் ஒயர் இழை பிரிகிறது. உடனே மாற்றுங்கள். முழுக்க அறுந்தால் துண்டுகள் உள்ளே சிக்கி, லீவரே வீணாகும்.

அழுத்தினால் பிடிப்பே இல்லை, 'தொளக்' என்று போகிறது: பல வருஷம் சும்மா கிடந்த சைக்கிளில் லீவருக்குள் கிரீஸ் மெழுகாகி, உள்ளே இருக்கிற கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும். கடையில் கிடைக்கும், துருவை இளக்கும் ஸ்பிரேயை உள்ளே லேசாக அடித்து, ஐம்பது அறுபது தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பிறகு ஒரு சொட்டு எண்ணெய். தூக்கிப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்குகிறது: ஒயர் தளர்ந்திருக்கிறது. புது ஒயர் போட்ட சில வாரத்தில் இது சகஜம், உறையின் நுனிகள் படிவதால் வருவது. பின்சக்கரத்தின் கியர் கையில் ஒயர் நுழையும் இடத்தில் விரலால் திருகுகிற குமிழ் இருக்கும். அதை வெளியே கழன்று வருகிற பக்கமாகக் கால் சுற்று திருகிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று.

சின்ன சக்கரத்துக்கு இறங்கத் தயங்குகிறது: குமிழை உள்பக்கமாகக் கால் சுற்று. அப்படியும் சரியாகவில்லை என்றால் உறைக்குள் அழுக்கு.

கீழே விழுந்த பிறகு கியர் தாறுமாறு: பின்னால் கியர் கை தொங்குகிற காது வளைந்திருக்கும். அதன்மேல் இருக்கிற இரண்டு சின்னத் திருகாணிகளை நீங்களாகத் திருகாதீர்கள். கணக்குத் தப்பினால் கியர் கை ஓடுகிற சக்கரத்தின் கம்பிகளுக்குள் போய்விடும். இது மெக்கானிக்கின் வேலை. சைக்கிளைப் படுக்க வைக்க நேர்ந்தால், கியர் இருக்கிற வலது பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள்.

கை ஏற்கெனவே வலிக்கிறதா?

பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டு விரல் பக்கம் சாயுங்கள். பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் 'சுரீர்' என்றால், பெருவிரல் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநாணின் உறை வீங்கியிருக்க வாய்ப்புண்டு. 1895-ல் இதை விவரித்த ஸ்விஸ் மருத்துவர் டி குவெர்வான் பெயரால் இது அழைக்கப்படுகிறது. கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும் அடிக்கடி வருவது.

முதல் மருந்து ஓய்வு. லீவரைச் சரி செய்யும் வரை சைக்கிளை ஒரே கியரில் சமதளத்தில் மட்டும் ஓட்டுங்கள். இளஞ்சூடாக்கிய உளுந்துத் தைலத்தை லேசாகத் தடவலாம். அழுத்தித் தேய்க்கக் கூடாது. நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள், கை மரத்திருப்பவர்கள் சூட்டை வேறொருவர் கையில் வைத்துப் பார்த்துவிட்டே ஒற்றடம் கொடுங்கள். சுட்டதே தெரியாமல் கொப்புளம் போட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகிறதா? அது லீவரால் அல்ல. உள்ளங்கையின் ஓரத்தை ஹேண்டில்பாரில் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் போடுவதால் அங்கே ஓடும் நரம்பு நசுங்குகிறது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், கையை அவ்வப்போது இடம் மாற்றுங்கள்.

வலி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, காலையில் பல மூட்டுகள் ஒன்றாகப் பிடித்துக்கொண்டாலோ, மரமரப்பு ஓயாவிட்டாலோ, பிடி நழுவினாலோ, வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

'முழங்கால் தேய்மானம் இருக்கிறது. கியர் சைக்கிள் ஓட்டலாமா?'

பெரும்பாலோர் ஓட்டலாம். உட்கார்ந்து ஓட்டுவதால் உடம்பின் பாரம் முழங்காலில் முழுக்க இறங்குவதில்லை. ஆனால் லேசான கியர், உயரமான சீட், சமதளம் என்பது நிபந்தனை. வீக்கம் இருக்கும்போது வேண்டாம். உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

'சின்ன கியரில் ஓட்டினால் உடற்பயிற்சி பலன் குறையுமே?'

குறையாது. கடினமாக மிதித்து ஐந்து நிமிஷத்தில் இறங்குவதைவிட, லேசாக மிதித்து அரைமணி நேரம் ஓட்டுவதுதான் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது. வியர்வை வரட்டும், வலி வரக் கூடாது.

'பையனுக்கு வாங்கும் சைக்கிளை அம்மாவும் ஓட்ட முடியுமா?'

தாராளமாக. சீட்டை இறக்கி, பிரேக் லீவரைக் கிட்டே கொண்டுவந்து, ஒயரைப் புதுசாகப் போட்டால் போதும்.

நான் முதலில் சொன்ன ஆசிரியை இப்போதும் வருகிறார், சைக்கிளில்தான். போன மாதம் வந்தபோது வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "டாக்டர், முதல்ல லீவரை அழுத்திப் பாருங்க, அப்புறம் நாடியைப் பாருங்க" என்று சிரித்தார். அழுத்திப் பார்த்தேன். பூ மாதிரி இருந்தது. நாடியும் நன்றாகவே இருந்தது.

உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு சைக்கிள் நிற்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டி வெளியே எடுங்கள். ஏறி உட்காரும் முன் பெருவிரலால் லீவரை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விரல் சொல்லிவிடும், முதலில் போக வேண்டியது ரோட்டுக்கா, சைக்கிள் கடைக்கா என்று!